சுள்ளித் தீ, கட்டைத் தீ

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு என்னைக் கொண்டுவந்து இறக்கியது ஒரு முட்டைக்கோஸ் லோரி. பிரிஞ்சாங்கில் சரக்கை இறக்கிவிட்டுக் காலிக் கூடைகளோடு கம்போங் ராஜாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கூடைகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பந்தயத்தில் எனக்குப் பின்னால் ஓடி வந்தவர்கள் இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். லோரி இறங்க இறங்க ஒவ்வொருவராக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் கூடைகளின் மூங்கில் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது அது. தொழிலாளர் தின விடுமுறையன்று தோட்டங்களுக்குள் ஒரு சாலை ஓட்டம் நடக்கும். கம்போங் ராஜா கடைத்தெருவில் தொடங்கி, வளைந்து வளைந்து மேலே ஏறி, கியா பார்மைத் தாண்டி, பிரிஞ்சாங்கில் போய் முடியும். எல்லாத் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எங்கள் தோட்டத்தில் ஓடக்கூடியவன் என்று நான் ஒருவன்தான் இருந்தேன். வீரம் என்று ஒன்றும் இல்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட சுவரைப் பார்த்து உட்கார்கிற ஆள் நான். ஓடும்போது யாரும் நம்மிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. அதனால்தான் அது எனக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

தேயிலை ஆலையில் எனக்கு வேலை, இலையை உலர்த்துகிற டிரையருக்குத் தீ போடுவது. அந்த அடுப்பின் சூடு கூடினால் தேயிலை கருகும், குறைந்தால் புழுங்கிப் போகும். வேலை முடிந்ததும் அந்தச் சூட்டோடு வெளியே வந்து, குளிர்ந்த காற்றில் தோட்டத்து மண் சாலையில் ஓடிவிட்டு வீட்டுக்குப் போவேன். களைப்பின் மேல் இன்னொரு களைப்பு. ஆனால் இரண்டாவது களைப்பு நான் கேட்டு வாங்கியது.

விழுந்த கதையைச் சொல்கிறேன். கியா பார்முக்குக் கீழே, ஏற்றம் முடிய இரண்டு வளைவே பாக்கி இருந்தபோது என் கால்கள் நின்றுவிட்டன. வலி கிடையாது, சுளுக்கு கிடையாது. மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை. விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப் போனது. காது அடைத்தது. எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதே ஒரு கணம் புரியவில்லை. சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. எதற்கு அழுகிறேன் என்றும் தெரியவில்லை.

பக்கத்தில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த சீனம்மா ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, ஒரு தகரக் குவளையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். டின் பாலை அள்ளிப் போட்டிருந்தாள், பாயசம் மாதிரி இனித்தது. குவளையை என் வாயருகே நீட்டி, "மினும், மினும்" என்று குடிக்கச் சொல்லி அதட்டினாள். குடித்தேன். கொஞ்ச நேரத்தில் கைநடுக்கம் நின்றது. முட்டைக்கோஸின் பச்சை மறுபடி பச்சையாகத் தெரிந்தது. எழுந்து நின்று பார்த்தேன், நிற்க முடிந்தது. அந்த நேரம் பார்த்து அந்த லோரி வந்தது. முன் இருக்கையில் எங்கள் தோட்டத்துக் கங்காணி உட்கார்ந்திருந்தார். ஓட்டம் பார்க்கப் பிரிஞ்சாங் போனவர், எங்கள் ஆள் வரக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்திருந்தார். அவரே இறங்கி என் கையைப் பிடித்துப் பின்னால் ஏற்றினார். என்னால் நடக்க முடியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஏற்றும்போது அவர் என் காதருகில் மெதுவாகச் சொன்னார்: "வீட்ல ஏதும் தப்பு நடந்துச்சா, யோசிச்சுப் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். சித்திரை கடைசி வெள்ளியில் திருவிழா. சித்திரை பிறந்ததும் காப்புக் கட்டுவோம். அதிலிருந்து கவுச்சி கிடையாது. காவடி, பால்குடம் எடுப்பவர்கள் ஒரு வேளைதான் சாப்பிடுவார்கள். ஓட்டம் வருவதோ எப்போதும் அந்த நாட்களின் நடுவில். எங்களுக்கு அது இடைஞ்சலாகப் படவில்லை. ஒரு வேளை உண்டவன்தான் காவடியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து கோயில் மேடு வரை ஆடிக்கொண்டே ஏறுகிறான், ஒருவனும் விழுவதில்லை. வயிறு காய்ந்தால் உடம்பு லேசாகும், லேசான உடம்பை அம்மா தூக்கிக்கொண்டு போவாள். அதனால் நான் ஓடுவதற்கும் காப்புக் கட்டினேன், கட்டவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஓட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டதோடு சரி. காலையில் பச்சைத் தண்ணீரும் திருநீறும்.

விரதம் இருந்து விழுந்தவன் என்றால், விரதத்தில் எங்கோ ஓட்டை இருக்கவேண்டும். கணக்கு அவ்வளவுதான். என் ஓட்டை எங்கே என்று தேடியவர்கள், தேடின வேகத்தில் என் மனைவியிடம் போய் நின்றார்கள்.

தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் அடுத்த வீட்டு அக்காதான் முதலில் கேட்டதாம். வீட்டுக்குத் தூரமாக இருந்த நாளில் தெரியாமல் சோற்றுப் பானையில் கை வைத்துவிட்டாயா என்று. இல்லை என்றிருக்கிறாள். அந்த அக்கா தலையை ஆட்டிக்கொண்டு, யாரும் வேண்டுமென்று செய்வார்களா என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். ஆறுதல் சொன்னால் குற்றம் முடிவாகிவிட்டது என்றுதானே அர்த்தம்.

எங்கள் மகள் சின்னதில் காய்ச்சலில் கிடந்து, பிழைக்கமாட்டாள் என்று எல்லாரும் சொன்ன பிறகு, பிழைத்தாள். அந்த வருடத்திலிருந்து என் மனைவி தவறாமல் பால்குடம் எடுத்து வந்தாள். நான் விழுந்த வருடத் திருவிழாவில் ஆற்றங்கரையில் மஞ்சள் சேலையோடு, தலையில் சும்மாடு வைத்து, மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றாள். குடங்களைத் தலைகளில் ஏற்றிவிட்டுக்கொண்டே வந்த பெண்கள் அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போனார்கள். மேளம் கிளம்பியது. அவள் சும்மாட்டை எடுத்து, உதறி, மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நடந்து வந்தாள். நான் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் மறுநாள் வழக்கம்போல் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். சில நாள் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சீனம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்த பிறகு என்ன ஆயிற்று, மறுபடியும் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். நடுக்கம் நின்றது, கண் தெளிந்தது, எழுந்து நின்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சாமி கோவம்னா ஒரு குவளை தேத்தண்ணியில தீருமாங்க?"

டிரஸரிடம் போய்க் கேளுங்கள் என்று அவளே அனுப்பினாள்.

டிரஸர் என்றால் தோட்டத்து மருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டவர். ஈப்போ பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், நல்ல தொப்பை. நோயாளிகள் எல்லாம் போகும்வரை வெளியே நின்றுவிட்டு உள்ளே போனேன். காய்ச்சலா, பேதியா என்று அவர் கேட்க, நான் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்ல, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். என்ன சாப்பிட்டுவிட்டு ஓடினேன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, காலையில் டிரையர் அடுப்பை எதை வைத்து மூட்டுகிறேன் என்று கேட்டார்.

சுள்ளி என்றேன்.

பிறகு? பிறகு கட்டை. சுள்ளியே போட்டு ஓட்டமுடியாதா? முடியாது, புஸ்ஸென்று எரிந்து போய்விடும், போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். சரி, சுள்ளியே இல்லாமல் வெறும் கட்டை? புகையும், எரியாது.

உடம்புக்குள்ளும் இதுதான் என்றார். அரிசி, கிழங்கு, சர்க்கரை எல்லாம் சுள்ளி. உடம்பு அதைச் சர்க்கரையாக்கி ஈரலிலும் கால் தசையிலும் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருக்கும். கொழுப்பு கட்டை. என்னைப் போல ஒல்லியானவன் உடம்பிலும் அது நாள்கணக்குக்கு உண்டு, ஆனால் மெதுவாகத்தான் எரியும். வேகமாக ஓடுகிறவனுக்குச் சுள்ளிதான் அதிகம் வேண்டும். பட்டினி கிடந்தால் ஈரலில் உள்ளது முதலில் காலியாகும். அன்றாடம் தசையில் எரிகிறதைத் திரும்ப நிரப்பவும் வழியில்லை. அப்படிப்பட்டவன் மலையில் ஓடினால் மிச்சமும் பாதி வழியில் தீர்ந்துபோகும். மூளைக்கும் சர்க்கரைதான் சாப்பாடு, அது கிடைக்காதபோது கண் இருட்டும், திசை தெரியாது, சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வரும். சீனம்மா கொடுத்தது ஒரு கை சுள்ளி.

அப்படியானால் காவடி எடுப்பவர்கள் ஏன் விழுவதில்லை என்று கேட்டேன். அவர் கடிப்பதை நிறுத்தினார்.

"காவடி நடக்குதுண்ணே. நீங்க ஓடுறீங்க. நடக்கிறவனுக்குக் கட்டை போதும் லா."

இருபது வருடமாக எரிகிற தீயைப் பார்த்தவனுக்கு வயிற்றுக்குள் எரிவது தெரியாமல் போயிற்று. ஆலைக்குத் திரும்பி வந்து அடுப்பின் முன்னால் நின்றபோது அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். சுள்ளி, கட்டை, ஈரல் எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த வருடம் நான் கட்டாயம் ஓடவேண்டும் என்றாள். நான் இன்னொரு முறை லோரியில் வந்தால் அவள் பேரில் ஒட்டிய பேச்சு சாகும்வரை போகாது. ஓடாமலே விட்டாலும் போகாது. ஓடி முடித்தால்தான் போகும். இது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

சாப்பிட்டுவிட்டு ஓடுவது சுலபம் என்று நினைத்தேன். முதல் முறை தட்டு நிறையச் சோறும் பருப்பும் தின்றுவிட்டு உடனே ஓடினேன். விலா குத்தி, ஒரு கீரைப் பாத்தி ஓரமாக எல்லாவற்றையும் கக்கினேன். தோட்டத்துக்காரர் ஓடிவந்து, கீரை மேல் படவில்லை என்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த முறை சர்க்கரைத் தண்ணீரை மட்டும் ஒரே மூச்சாகக் குடித்துவிட்டு ஓடினேன். கொஞ்ச தூரம் பறந்தேன், வயிறு கலகலத்து அப்புறம் ஊர்ந்தேன். டிரஸர் சிரிப்பார், பிறகு சொல்லிக்கொடுப்பார். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் போகவேண்டும், ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக மெல்லவேண்டும், எண்ணெயும் தேங்காயும் வயிற்றில் தங்கும், வேண்டாம். குளிர் ஊர் என்பதால் வேர்ப்பது தெரியாது, ஆனால் சட்டை காய்ந்தால் முதுகில் வெள்ளைக் கோடு இருக்கும், அது உப்பு, அதையும் உள்ளே தரவேண்டும். மெதுவாக ரொம்ப தூரம் ஓடிப் பழகினால் உடம்பு கட்டையை எரிக்கவும் கற்றுக்கொள்ளும், சுள்ளி மிச்சமாகும். எல்லாவற்றையும்விட ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார், பசிக்கும் முன்னே சாப்பிடவேண்டும் என்று. தீ அணைந்த பிறகு சுள்ளி போட்டு என்ன பயன்?

என்ன கொண்டுபோவது என்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அரிசி மாவில் கூலா மலாக்கா வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, தேங்காய் இல்லாமல் பிடி கொழுக்கட்டை செய்தாள். உள்ளங்கையில் வைத்து ஒரு அமுக்கு. ஒவ்வொன்றிலும் அவள் விரல்கள் பதிந்திருக்கும். துணியில் சுற்றி இடுப்பில் கட்டினால் ஓடும்போது உதிராது. ஒன்று தின்றால் இரண்டு மேடு ஏறலாம். மாதக்கணக்காக அதைத் தின்று ஓடினேன், யாரும் இல்லாத சாலையில்.

மறுபடி சித்திரை பிறந்தது. காப்புக் கட்டுகிற நாளுக்கு முன்பே எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. கட்டினால் ஓட முடியாது. கட்டாவிட்டால் வாய் சும்மா இருக்காது. ஓட்டத்தை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"நீங்க சாப்பிடுங்க," என்றாள் மனைவி. "காப்ப நான் கட்டிக்கிறேன்."

குடம் தருகிறார்களோ இல்லையோ, அவள் கட்டிக்கொண்டாள். நான் வெறுங்கையோடு கோயிலை விட்டு வந்தேன். லயத்தில் அதற்கப்புறம் எனக்கு நல்ல வரவேற்பு. ஆலைக்குப் போகும்போது, அண்ணன் இந்த வருசம் பந்தியில உக்காந்துதான் ஓடுவாரு, ரோட்டோரமா இலை போட்டு வைங்க லா என்பான் ஒருவன். சாம்பார் வாளியை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று இன்னொருவன் கேட்பான். கங்காணி சிரிக்கவில்லை. சாமியை விட்டவனுக்குச் சோறு துணை வருமா, பார்ப்போம் என்று மட்டும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட ஆரம்பித்தது. டிரஸர் சொன்னதைக் கேட்காமல் இருந்திருந்தால் பட்டிருக்காது. என் மனைவி ஒரு வேளைச் சாப்பாட்டில் நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்து எடுத்தாள். நிறைந்த கூடையோடு நிறுவை இடத்துக்கு இறங்குவாள், மறுபடி ஏறுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். விளக்கை ஏற்றும்போது தீக்குச்சி நடுங்கும். அது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். இத்தனை வருடம் அதை அலுப்பு என்று பெயர் வைத்துத் தாண்டிப் போயிருந்தேன். விரதம் இல்லாத மாதங்களிலும் அவள் காலையில் வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போகிறவள்தான். நான் வருடத்தில் ஒரு நாள் பேர் சொல்லி ஓடினேன். அவளுடைய ஓட்டத்துக்கு யாரும் கொடி அசைக்கவில்லை.

ஒரு கொழுக்கட்டையாவது சாப்பிடு என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் நடக்கிறவ," என்றாள். "எனக்குக் கட்டை போதும்."

ஓட்டத்துக்கு முன் கடைசி நாட்களில் ஓடுவதைக் குறைத்து, சோற்றைக் கூட்டினேன். ஒரு வேளை உண்பவள் மூன்று வேளை உண்பவனுக்குப் பரிமாறினாள். அந்தச் சோறு இறங்குவது கஷ்டமாக இருந்தது. இறக்கினேன்.

அன்று காலை கம்போங் ராஜாவில் பனி. எதிர்க் கடைப் பலகை தெரியவில்லை. கிளம்புவதற்கு முன்பே உப்புப் போட்ட கஞ்சியும் இரண்டு பழமும் உள்ளே போயிருந்தன. வாயில் இனிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகவே தொடங்கினேன். பலர் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும், சுள்ளியை முதலிலேயே எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். காய்கறித் தோட்டங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முதல் கொழுக்கட்டையைத் திரிங்காப் கடைகளுக்கு முன்னால் தின்னவேண்டும் என்பது கணக்கு. அங்கே போனால் இரண்டு பக்கமும் ஆட்கள். ஓடுவதைப் பார்க்க நிற்கிறார்கள். இடுப்புத் துணிக்குப் போன கை திரும்பி வந்துவிட்டது. ஓடுவதற்கு எனக்கு வெட்கம் இல்லை. நாலு பேர் பார்க்க வாயை அசைத்துத் தின்பதற்குத்தான் வெட்கம். தாண்டிப் போய்த் தின்னலாம் என்று விட்டேன். தாண்டிய பிறகு ஒரு வீடு. அதற்கப்புறம் ஒரு கூட்டம் தோட்டத்து ஆட்கள், கை தட்டினார்கள். அதற்கப்புறம் ஏற்றம் தொடங்கிவிட்டது, மூச்சு பிடிபடட்டும் என்று விட்டேன். இப்படியே விட்டு விட்டு ஏறினேன்.

ஏற்றம் முடிய மூன்று வளைவு இருக்கும்போது விரல் நுனி சில்லிட்டது.

அந்தச் சில்லிப்பை எனக்குத் தெரியும். அடுத்த வளைவைத் திரும்பினேன். போன வருடம் உட்கார்ந்த கல் அங்கேயே இருந்தது. கல்லுக்கு எதிரே எங்கள் தோட்டத்து லோரி. ஓட்டம் பார்க்க வந்த எங்கள் லயத்து ஆட்கள் பின்னால் நிற்கிறார்கள், முன் கதவில் சாய்ந்துகொண்டு கங்காணி. நான் விழுந்த இடத்தை எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் அங்கே நிறுத்தியிருந்தார்கள். ஒளிவதற்கு ஒரு மரம்கூட இல்லை.

காது அடைக்கத் தொடங்கியது. ஓட்டத்தை நிறுத்தி நடந்தேன். துணியை அவிழ்த்து ஒரு கொழுக்கட்டையை எடுத்தேன். ஐந்து விரல் பதிந்திருந்தது. அத்தனை பேரும் பார்க்க, வாயைத் திறந்து, பாதியைக் கடித்தேன்.

"திங்கிறான் பாரு," என்றது ஒரு குரல். சிரிப்பு. இலை போடவா அண்ணே என்று இன்னொரு குரல். வாய் காய்ந்திருந்தது, மாவு நாக்கில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்றது. மென்றேன். மென்றுகொண்டே நடந்தேன். மீதிப் பாதியையும் போட்டேன். பிறகு இன்னொன்று. சீனம்மா கடையில்தான் இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினாள். நின்று குடித்தேன். கல்லைத் தாண்டினேன். உட்காரவில்லை.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அதையும் சொல்லவேண்டும். தின்றது காலுக்கு வந்து சேர நேரம் பிடிக்கிறது. அதுவரை நடந்தேன். நடக்கிறவனுக்குக் கட்டை போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். பலர் தாண்டிப் போனார்கள். மேட்டின் தலைக்கு வரும்போது காது திறந்தது. விரல்களில் சூடு வந்தது. முதலில் ஒரு கால், பிறகு மற்றது, தானாகவே ஓட ஆரம்பித்தன. கியா பார்மைத் தாண்டினால் இறக்கம்தான். பிரிஞ்சாங்கில் எத்தனையாவதாக வந்தேன் என்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. ஒரு கிளாஸ் ஆரஞ்சுத் தண்ணி கொடுத்தார்கள். ஓரமாகப் போகாமல், நடுவிலேயே நின்று குடித்தேன்.

லோரியும் பிரிஞ்சாங்குக்கு வந்திருந்தது. திரும்பும்போது கங்காணி என்னை அதில் முன் இருக்கையில், தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்தக் கல்லைத் தாண்டும்போது வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"அப்ப போன வருசமும் பசிதானா?"

"பசிதான்," என்றேன். அதோடு நிறுத்துவதுதான் என் வழக்கம். அன்று வாய் நிற்கவில்லை. "வீட்ல ஒரு தப்பும் நடக்கல, கங்காணி. போன வருசமும் நடக்கல."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு, ம் என்றார். அவ்வளவுதான். ஆனால் லோரிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கும், கண்ணாடி திறந்திருந்தது.

கடைசி வெள்ளியன்று ஆற்றங்கரையில் என் மனைவி மஞ்சள் சேலையோடு வரிசையில் நின்றாள். தலையில் சும்மாடு. அதை அவள் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள், போன முறை எடுத்த ஞாபகம் இருந்திருக்கும். அடுத்த வீட்டு அக்காதான் குடத்தோடு வந்தது. என் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே குடத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்து, நேராக இருக்கிறதா என்று ஒரு தரம் திருப்பிப் பார்த்து, அடுத்தவளிடம் போனது.

மேளக்காரர்கள் வேகமாக அடித்தார்கள். கோயில் மேட்டில் பாதி ஏறும்போது அவள் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தேன். கால் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போனது. எனக்கு அந்த நடை தெரியும். என் மடியில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் அவள் வாங்கமாட்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து குறுக்கே போய் அவள் அருகில் நடந்தேன். அப்படி யாரும் செய்வதில்லை.

"மேளத்தப் பாக்காத," என்றேன். "மெதுவா வா. கட்டைத் தீயில வா."

அவள் தலையைத் திருப்ப முடியாது, குடம் இருக்கிறது. ஆனால் அடி மெதுவானது. அவளுக்குப் பின்னால் வந்த பெண்களும் மெதுவாக வேண்டியிருந்தது. மேளம் கொஞ்ச தூரம் தனியாகப் போய்விட்டு, பார்த்துவிட்டு நின்றது. ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் மேலே வந்து சேர்ந்தாள்.

அன்னதானத்தில் அவளுக்கு எதிர்ப் பந்தியில் எனக்கு இடம் கிடைத்தது, சுவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் முதல் கவளங்களை எடுக்கும்போது கை நடுங்கியது. இரண்டாம் முறை சோறு வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. கை கழுவப் போகும்போது என் பக்கத்தில் நின்று சொன்னாள், நாளைக்கு மேல்மலையில் கொழுந்தாம், ரொம்ப ஏறணும், காலையில் நாலு கொழுக்கட்டை எனக்கும் பிடித்து வையுங்கள், எனக்கு எழுந்திருக்க முடியுமோ என்னவோ என்று.

எண்பதுகளின் நடுவில் முழங்கால் போய் நான் ஓடுவதை விட்டேன். அந்தக் கொழுக்கட்டை மட்டும் நிற்கவில்லை. திருவிழாவுக்கு மறுநாள் விடிகாலையில்தான் நான் முதல் தரம் மாவு பிசைந்தேன். நீர் கூடிப்போய், என் தடித்த விரல்கள் பதிந்து, பாதி வெந்தும் பாதி வேகாமலும் வந்தது. அவள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கூடையைக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்றே அதைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை மடியில் முடிந்துகொண்டு பெரட்டுக்குப் போனாள்.